அடுக்கில் குறைந்த ஓடுகள்

ஓடுகள் குறைகின்றன என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு சனிக்கிழமை காலையில். வீட்டின் முன்பக்கக் கூரையைப் பிரித்து இறக்கிய சீமை ஓடுகளைச் சுற்றுச்சுவர் ஓரமாக நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். முந்தைய ஞாயிறு நான் கிளம்பும்போது அடுக்கும் சுவரும் ஒரே உயரம். இப்போது அடுக்குக்கு மேலே சுவர் இரண்டு சாண் அளவுக்குத் தெரிந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். உடைந்ததைக் கழித்துக் கொட்டிவிட்டதாகச் சொன்னார். எங்கே கொட்டினீர்கள் என்றதற்குக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். உடைந்த ஓடு கிடந்தது உண்மைதான். ஆனால் ஒரு கூடைக்கு மேல் இருக்காது.

அன்று அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்போது நான் வாரத்தில் ஐந்து நாள் பெரம்பலூரில் இருந்தேன். அங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. பெண்கள் கபடி அணி அந்த வருடம் மாவட்டப் போட்டியில் கடைசிவரை போகும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அது போதாதென்று கபடி நடுவர் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிட்டு, விதிப்புத்தகத்தைக் குக்கர் விசிலுக்கு இடையில் படித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு வளைகுடாவில் வேலை. மகன் கோயம்புத்தூரில் விடுதியில் படிக்கிறான். வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இறந்த பிறகு, கீழப்பழுவூருக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை என்னோடு அழைத்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்த வீட்டை அப்பா கட்டியபோது நான் பிறக்கவில்லை. கடலையும் கரும்பும் கைகொடுத்த இரண்டு வருடத்தில் கட்டிய வீடு அது. நான் ஒரே பிள்ளை என்பதால் அதன் ஒவ்வொரு மூலையிலும் நான் மட்டுமே விளையாடியிருக்கிறேன். கல்யாணமாகிப் போன பிறகும் பிரசவத்துக்கு, காய்ச்சலுக்கு, கணவரோடு சண்டை போட்டதற்கு என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் போய் விழுந்தேன். பூட்டிக் கிடந்த மூன்று வருடத்தில் ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. போன ஐப்பசி மழையில் கூடத்தின் வடக்கு மூலை உள்ளே இறங்கியது. இனியும் விட்டால் சுவர் நிற்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முன்பக்கக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவது, பின்னால் கொல்லையில் இருந்த கழிவறைக்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டுவது, தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது என்று நான் திட்டம் போட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "செய்யி" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். உடன்வேலை செய்ய ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வருவார். அதிகம் பேச மாட்டார். போன் வந்தால் எழுந்து வேலிக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார். இந்த இரண்டு குணமும் வேலை தொடங்கிய நாளில் எனக்குப் பிடித்திருந்தன. ஓடு குறைந்ததைப் பார்த்த பிறகு இரண்டுமே வேறு மாதிரித் தெரிந்தன. ஒரு கொத்தனாருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசும்படி என்ன ரகசியம்?

என் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. அப்பாவுக்குப் பங்காளி முறை. அந்த ஞாயிறு அவர் காப்பி டம்ளரோடு வந்து சுற்றுச்சுவர் மேல் கையை வைத்து நின்றார். நடுவாரத்தில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றதாகவும், தார்ப்பாய் போட்டு மூடி எதையோ ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொன்னார். எதை என்று கேட்டதற்கு, தன் கண் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் தெரிவதில்லை என்றார். கிளம்பும்போது குரலை இறக்கி, "ஆள் இல்லாத வூட்ட ஒருத்தன் கையில குடுத்தா அப்புடித்தான் பாப்பா. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத" என்றார்.

அன்று மாலை மேஸ்திரி கிளம்பிப் போன பிறகு, ஓட்டு அடுக்கின் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நாலா பக்கமும் செல்போனில் படம் எடுத்தேன். கழற்றி வைத்த உத்திரங்களையும் கைமரங்களையும் எண்ணினேன். சாமான்களை எல்லாம் போட்டுப் பூட்டியிருந்த பின்னறைக் கதவில் மேல் தாழ்ப்பாளுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கறுப்பு நூலைக் கட்டினேன். கதவைத் திறந்தால் நூல் அறுந்துவிடும். இதையெல்லாம் செய்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. மைதானத்தில் இருபத்தைந்து பிள்ளைகளை ஒரே கண்ணில் பார்த்துப் பழகியவள் நான். யார் கோட்டைத் தாண்டினாள், யார் தாண்டவில்லை என்று சாதிக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சுவருக்குப் போனேன். ஓடு, கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தது. கைமரத்தில் ஆறு இல்லை. பின்னறை நூல் அறுந்து தொங்கியது. உள்ளே போய்ப் பார்த்தேன். கோணி சாக்கு, பழைய பெஞ்சு, அண்டா எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் அப்பா அறையிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒற்றைக் கதவு அங்கே இல்லை.

இப்போது உடைந்ததைக் கழித்தேன் என்று சொல்ல முடியாது அல்லவா. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வேலை முடியட்டும், கணக்கு சரியாக இருக்கும் என்றார். எங்கே பத்திரமாக இருக்கிறது என்று திரும்பக் கேட்டேன். தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் வரும் நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்றிரவு கணவரிடம் போனில் சொன்னேன். ஆளை மாற்று என்றார் அவர். கூரை இல்லாமல் வீடு நிற்கிறது, மழை வந்தால் சுவர் ஊறிச் சரியும், இப்போது யார் வருவார்கள் என்றேன். அப்படியென்றால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்றார். திறந்துதான் வைத்திருந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று என்னை அரித்தது. அம்மா சில நாட்களில் மிகவும் களைத்திருந்தாள். நான் வருவதற்குள் படுத்துவிடுவாள். முட்டி வலி என்பாள். ஒருமுறை அவள் செருப்பைக் கழுவி மாடியில் காயவைத்திருந்தாள். வீட்டை விட்டு இறங்காதவள் செருப்பை எதற்குக் கழுவ வேண்டும்? கேட்டதற்குக் கோயிலுக்குப் போனேன் என்றாள். எந்தக் கோயில் என்றேன். முறைத்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய கைப்பையை எடுத்துப் பார்த்தேன். சுருக்குப் போட்ட சின்னப் பையில் வெற்றிலை, ஒரு வலி மாத்திரை அட்டை, மடித்த பஸ் டிக்கெட்டுகள் நான்கு. இரண்டில் அரியலூர் என்று இருந்தது, மற்ற இரண்டில் எழுத்து மங்கியிருந்தது.

அரியலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. என் மனம் நேராக அங்கேதான் போனது. எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறாள், என்னிடம் மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். மருந்துச் சீட்டு எங்காவது இருக்கிறதா என்று அவளுடைய தலையணைக்குக் கீழேயும் பெட்டியிலும் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை.

கதவு காணாமல் போனதைப் பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து மேஸ்திரி தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஹேண்டிலில் எப்போதும் தொங்கும் பச்சைப் பை அன்று கனத்துத் தொங்கியது. அப்பா அறைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாளும் வளையமும் உண்டு. அதைத்தான் கழற்றிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றால், நிச்சயமாகவே தெரிந்ததுபோல் இருந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வேலைக்கு வந்த கணவனும் மனைவியும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பையத் தொறந்து காட்டுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டியை அணைத்து ஸ்டாண்ட் போட்டார். பையைக் கழற்றி, சிமெண்ட் படிந்த தரையில் துண்டை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கரண்டி இரண்டு. ரசமட்டம். தூக்குக்குண்டு. சாப்பாட்டுத் தூக்கு. வீட்டில் மனைவி கேட்டிருப்பாளோ என்னவோ, காகிதத்தில் கட்டிய ஒரு கிலோ வெல்லம். கடைசியில் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மணல் கொட்டியது.

"பாத்துட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

நான் சரி என்று தலையாட்டினேன். அவர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். அந்தப் பெண் தண்ணீர்க் குழாயை மூடவே மறந்து நின்றாள். சித்தப்பா எப்போது உள்ளே போனார் என்று தெரியவில்லை.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சித்தப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். வந்துவிட்டார், பலகை அடிக்கிறார் என்றார். மானமுள்ள ஆள் என்றால் அப்படி ஒரு அவமானத்துக்குப் பிறகு வருவானா? வருகிறான் என்றால் அங்கே அவனுக்கு எடுக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. இப்படி ஓடியது என் புத்தி. இன்று நினைத்தால் கூசுகிறது. அன்று அது தெளிவான கணக்காக இருந்தது.

புதன்கிழமை காலை இரண்டாவது பீரியடில் சித்தப்பாவிடமிருந்து போன். வண்டி வந்து நிற்கிறது, ஓடு ஏறுகிறது, இப்போதே வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றார். மாவட்டப் போட்டிக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. அன்று மாலை இன்னொரு பள்ளியோடு பயிற்சி ஆட்டம் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியையிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அனுமதி வாங்கினேன். அணித் தலைவியிடம் ஆட்டத்தை நீயே பார்த்துக்கொள் என்றேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே நான் அப்படி ஓட்டியதில்லை. கண்ணெல்லாம் வெள்ளைத் தூசி.

ஊருக்குள் நுழையும்போது வண்டி எதிரே வந்துவிட்டது. சின்ன வண்டி, பின்னால் தார்ப்பாய், ஓரத்தில் எங்கள் ஓட்டின் சிவப்பு. மேஸ்திரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் போட்டிருந்த என்னை அவர் கவனிக்கவில்லை. மறித்து நிறுத்தலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம், எங்கே விற்கிறார் என்று பார்த்துவிட்டால் மறுபேச்சுக்கே இடமிருக்காது என்று ஸ்கூட்டியைத் திருப்பிப் பின்னால் போனேன். பெரிய ரோட்டுக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். திரும்பவில்லை. வாய்க்கால் மதகைத் தாண்டி, சோளக் காட்டுக்கு நடுவே மண்பாதையில் இறங்கியது. அந்தப் பாதை ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்குப் போகும். எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்கிறேன், ஆனால் அந்தத் தெருவுக்குள் அதுவரை இரண்டு முறையோ மூன்று முறையோதான் போயிருக்கிறேன்.

வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றது. வீட்டின் பாதிக்கு விளம்பரப் பேனர்களை இழுத்துக் கட்டிக் கூரையாக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் எங்கள் கைமரங்கள் ஏறியிருந்தன. அவற்றின் மேல் வரிசையாக எங்கள் ஓடுகள். வாசல் நிலையில் அப்பா அறைக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாளோடு. வேப்ப மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. கையில் சொம்பு.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா" என்றாள்.

"என்னம்மா இது?"

"ஓடு மாத்துறோம்."

உள்ளேயிருந்து அந்த வீட்டுக்காரப் பெண்மணி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் நடந்துகொண்டே இருந்தவர். அவரைத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "அக்கா, பாப்பாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. எங்கள் வாசலில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மேஸ்திரி ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா அங்கே எதையும் பேச விடவில்லை. வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். பிறகு அவளை ஸ்கூட்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கூடத்தில் கூரை இல்லாததால் வெயில் நேராக உள்ளே விழுந்தது. சென்ட்ரிங் பலகையின் நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள். வாரா வாரம் புதன்கிழமை நான் பள்ளிக்குப் போன பிறகு பஸ் ஏறி, அரியலூரில் மாறி, சித்தப்பா கண்ணில் படாமல் இங்கே வந்து, மாலைக்குள் திரும்பியிருக்கிறாள். மேஸ்திரியின் எண்ணை என் போனிலிருந்து எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னறைக்கு இன்னொரு சாவியும் அவளிடம் இருந்திருக்கிறது. அவர் வேலிக்கு வெளியே போய்ப் பேசியதெல்லாம் என் அம்மாவிடம்தான். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் வார்த்தை வாங்கியிருக்கிறாள்.

இந்த வீடு கட்டும்போது அந்தப் பெண்மணிக்குக் கல்யாணமான புதுசாம். அத்தனை ஓட்டையும் தலையில் சுமந்து ஏணி ஏறியவர் அவர்தானாம். அப்போது அம்மாவும் சேர்ந்து சுமந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஏணியின் மேலும் கீழுமாக நின்று கைமாற்றியிருக்கிறார்கள். அப்பா கூலியைக் குறைவில்லாமல் கொடுத்தார், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாள் அம்மா. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அந்த வீடு ஒழுகும்போது, தான் சுமந்த ஓட்டுக்குக் கீழே வந்து ஒதுங்கக்கூட அவரால் முடிந்ததில்லை. இதை அவள் பெரிய நியாயமாகச் சொல்லவில்லை. நேற்று மார்க்கெட்டில் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா" என்றேன்.

"குடுத்திருப்ப. அது நீ குடுத்ததா ஆயிருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. உன்னால் ஒரு மனுஷனைத் திருடன் என்று எல்லார் முன்னாலும் நிறுத்தினேன் என்றேன். அவள் முட்டியைத் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பாண்டிச்சேரி ஆளு வூட்டையே கேட்டான்ல?"

இதை நான் இதுவரை சொல்லவில்லை. கூரை பிரிக்கும் முன்பு, புதுச்சேரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்காகப் பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். ஓடு, வாசற்கதவு, உத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். அம்மாவைக் கேட்கவில்லை. அவர் வீடு முழுவதையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்து, ஒரு விலையைச் சொல்லி, இடத்தோடு வீட்டையே கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டே, வீட்டைக் கொடுப்பதா, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை. அம்மா மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறாள்.

"யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

"விக்க மாட்டேங்குறவ எதுக்கு யோசிக்கணும்?"

தளம் போடுவதும் டைல்ஸ் ஒட்டுவதும் விலையைக் கூட்டத்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதனால்தான் முதல் புதன்கிழமை வந்திருக்கிறாள், நான் யாரையாவது கூட்டி வந்து காட்டுகிறேனா என்று மேஸ்திரியிடம் விசாரிக்க. ஓட்டைக் கொடுப்பது அதற்குப் பிறகு வந்த யோசனை. நான் மேஸ்திரிக்குக் கோடு போட்டு வைத்த அதே வாரங்களில் அம்மா எனக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். என் சந்தேகம் பொய்யாகப் போயிற்று. அவளுடையது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆள் சொன்ன விலையை நான் இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே, அவள் எதிரிலேயே, அந்த ஆளுக்குப் போன் செய்தேன். வீடு இல்லை, ஓடும் இல்லை என்றேன். அவர் உத்திரமாவது தருவீர்களா என்று கேட்டார். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் போனை வைத்த பிறகும், நிஜமாகவே மறுமுனையில் ஆள் இருந்தாரா என்பதுபோல என் கையைப் பார்த்தாள்.

மேஸ்திரியிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கு இன்னொரு நாள் விடுப்பு. கீழப்பழுவூர் டீக்கடையில் அவர் நின்றிருந்தபோது போய், தவறு என்னுடையது என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு, "பையத் தொறக்கச் சொன்னது தப்பில்லங்க. ஒங்க பொருளு காணும், கேக்குறீங்க. அந்தப் பொண்ணு முன்னாடி, ஒங்க சித்தப்பா முன்னாடி சொன்னீங்க பாருங்க, அதான்" என்றார். வார்த்தையை மீறி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். தன் அம்மாவே உயிரோடு வந்து கேட்டிருந்தாலும் கொடுத்த வார்த்தையை மீறியிருக்க மாட்டேன் என்றார். தளம் போட்டுத் தருகிறேன், அது அம்மாவிடம் ஒத்துக்கொண்ட வேலை, அதற்கு மேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவருக்கு இன்னொரு சங்கடம்.

தளம் போட்ட நாளும் மாவட்டப் போட்டியும் ஒரே நாளில் விழுந்தன. நான் மைதானத்தில் இருந்தேன், அம்மா அங்கே இருந்தாள். கலவை இயந்திரம் வந்ததா, ஆட்கள் வந்தார்களா என்று இரண்டு முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவள் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றதும் என் மனம் பழைய வழியிலேயே ஓடியது. என்ன நடக்கிறது அங்கே, யாருக்கு எதை ஏற்றிவிடுகிறாள் என்று. பிள்ளைகள் அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அணித் தலைவி என் முன்னால் அழாமல் பஸ்ஸில் போய் அழுதாள். அந்தப் புதன்கிழமைப் பயிற்சி ஆட்டத்தில் நான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டேன். நடுவர் தேர்வில் எழுத்தில் தேறி, செய்முறையில் தவறினேன். கால் கோட்டில் படுவதற்கு முன்பே விசில் ஊதுகிறேன் என்று தேர்வாளர் எழுதியிருந்தார்.

தளம் நன்றாக வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. டைல்ஸ் வேலையை அரும்பாவூரிலிருந்து வந்த வேறு ஆட்கள் செய்தார்கள். பொங்கலுக்கு முன் பால் காய்ச்சினோம். மேஸ்திரி வரவில்லை. தேங்காயும் பழமும் அம்மா கொடுத்தனுப்பினாள். எடுத்துக்கொண்டாராம். சித்தப்பா வந்து சாப்பிட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. உத்திரங்களைத் தன் மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு எண்ணம் இருந்ததாம். மிஞ்சிய உத்திரங்களை அம்மா பின்னறையிலேயே போட்டுப் பூட்டிவிட்டாள். நம்ம வூட்டு ஓடு அந்தத் தெருவுலயா போய் ஏறணும் என்று அவர் பந்தியில் யாரிடமோ கேட்டது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள். அந்தப் பெண்மணியை அவள் கூப்பிட்டிருந்தாள். அவர் எல்லாரும் போன பிறகு வந்து, உள்ளே வரத் தயங்கி, கடைசியில் கூடம்வரை வந்து உட்கார்ந்தார். புதுத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வழுக்குமே அக்கா, பாத்து நடங்க என்றார்.

அம்மா இப்போது அங்கேதான் இருக்கிறாள். தனியாக எப்படி என்று நான் எவ்வளவோ சொன்னேன். பெரம்பலூரில் பகலெல்லாம் தனியாகத்தானே இருந்தேன் என்று கேட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போனால் நல்லபடியாகச் சமைத்துப் போடுகிறாள். வீட்டுப் பத்திரத்தைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டாள், கொடுத்துவிட்டேன். எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் பெட்டியில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு பரணைத் துடைக்க ஏறினேன். பழைய பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் துடைத்து முடித்து இறங்கும்வரை ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். நான் விழுந்துவிடுவேனோ என்று பிடித்திருந்தாளா, இல்லை பத்திரத்தைத் தேடுகிறேனோ என்று பார்த்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.